மறைச்ச விலாசத்துக்குத் தலையாட்டின மிஷினு

நான் மூணாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்புடு போட்டவன். பஸ் போர்டு படிப்பேன், அதான் என் பட்டம். ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர் தள்ற வேலை.

புருஷன் அடி தாங்காம என் தங்கச்சி கைக்கொழந்தையோட என்கிட்ட வந்துட்டா. கண்டா வெட்டுவேன்னு அவன் ஆள் விட்டுச் சொன்னான். தவளக்குப்பம் வூட்ட காலி பண்ணிட்டு, யாருக்கும் சொல்லாம கருவடிக்குப்பத்துல குடி வந்தோம். அவன் ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னு, வம்பிழுத்து, என் வண்டி பின்னாடியே வருவான். நானும் பெரிய துப்பறியும் சிங்கமாட்டம் ஊரு பூரா சுத்தி, சம்பளத்த பெட்ரோலா ஊத்தி, அவன ஏமாத்திட்டு வூடு போவேன்.

வேலைக்காக ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல குடுத்த புது விலாசம் இருக்கேன்னு ஒரே பயம். கம்ப்யூட்டர் மேடத்துகிட்ட போயி நின்னேன்.

"மறைச்சாச்சுண்ணா. உங்க பேரத் தட்டினா எந்த வார்டுன்னு மட்டும்தான் வரும்"னு சொன்னாங்க.

ஆஸ்பத்திரி வாசல்ல, வர்றவங்க அங்க வேலை செய்யற ஆளத் தேடறதுக்கு ஒரு கம்ப்யூட்டர் திரை வச்சிருப்பாங்க. ஒரு நாள் மதியம் சும்மா இருக்காம என் பேரத் தட்டிப் பாத்தேன். வார்டு மட்டும் வந்துச்சு. சரி. நம்மூர்ல பேரு அப்பறம், மொதல்ல "எந்த ஏரியா?"ன்னுதான கேப்போம்? அந்தப் புத்தியில கருவடிக்குப்பம்னு தட்டினேன். சில பேரு வந்துச்சு, நடுவுல நானு. தெருப் பேரையும் சேத்துத் தட்டினேன். நான் மட்டும் தனியா நிக்கிறேன்.

மேடத்தக் கூட்டியாந்து காட்டினேன். அவங்க மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"ஐயோ... விலாசத்த வெளிய காட்டலண்ணா. ஆனா சரியா கேட்டா, ஆமான்னு தலையாட்டுது. சாப்ட்வேர்லயே ஓட்டை. கம்பெனிக்கு எழுதறேன், சரி பண்ணுவாங்க."

"அதுவரைக்கும் என் தங்கச்சிய எதுல மேடம் மறைக்கிறது?"

அப்பத்தான் ரிசப்ஷன் பொண்ணு எழுந்து வந்துச்சு. "அண்ணா, உங்ககிட்ட வம்பிழுப்பாரே அவரு, காலையில இதுல ஒவ்வொரு ஏரியாவா, தெருவா அடிச்சிக்கிட்டு இருந்தாரு. டாக்டரத் தேடறாரோன்னு உட்டுட்டேன்."

தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"ண்ணே, பக்கத்து வூட்டுக் கதவத் தட்டி உன் பேரச் சொல்லி யாரோ கேக்கறாங்க. அந்தாளு கொரலுதாண்ணே."

"பின்பக்கமா பரோட்டாக் கடைக்கு ஓடு. செருப்பத் தேடாத. புள்ளயத் தூக்கிக்கினு ஓடு!"

வண்டியக் கெளப்பினேன். ஹெல்மெட்ட மறந்துட்டேன். எங்க ஊரு சிவப்புத் தொப்பி போலீஸ்காரரு மறிச்சி, "எங்கடா பறக்கற?"ன்னாரு. எப்பவும் கிண்டல் பண்ணியே தப்பிக்கிறவன், அன்னிக்கி ஓன்னு அழுதுட்டேன். அவரே பயந்துட்டு, போன்னுட்டாரு.

மெயின் ரோட்டு பரோட்டாக் கடைக்குப் பின்னால, அடுப்பு மறைவுல ஒண்டிக்கினு இருந்தா. கால்ல ரத்தம். புள்ள அழக் கூடாதுன்னு அதோட வாயப் பொத்திக்கினு இருந்தா.

"இப்ப எங்கண்ணே போறது?"

ஒரு எடத்துப் பேரு நாக்குல வந்துடுச்சு. காது கேக்கற தூரத்துல, கடையில ஆளுங்க தின்னுக்கினு இருந்தாங்க. முழுங்கிட்டு, "ஏறு"ன்னேன்.

எந்த ஊருன்னு உங்களுக்கும் சொல்ல மாட்டேன். எதத் தட்டினாலும் சரி.