மோப்பக்கா சுமந்துவந்த கல்

அந்தச் சந்தில் அவளுக்கு மோப்பக்கா என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. பாலை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவாள். பக்கத்து வீட்டுக்காரி சிரித்தால் அந்தச் சிரிப்பையும் ஒரு முறை முகர்ந்து பார்ப்பாள். அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. கட்டட வேலையில் சித்தாளாகக் காலமெல்லாம் கல்லும் மண்ணும் சுமந்தவள். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன புருஷனையும், வாய் கூசாமல் பொய் சொன்ன மேஸ்திரிகளையும் பார்த்த பிறகு யாரைத்தான் நம்புவாள், பாவம்.

சந்துக்குக் குழாய் வந்தபோதும் அப்படித்தான். பெண்கள் எல்லோரும் அலையாய் அலைந்து அனுமதி வாங்கி, தாங்களே பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தார்கள். நடுச்சந்தில் நேராகப் போய்த் தையல்காரி வீட்டருகே முடிவதாகத்தான் ஏற்பாடு. மோப்பக்கா விடுவாளா?

"அவ வாசல்ல குழாய் வந்தா நம்மளக் கையேந்த விட்டுருவா. இதுல ஏதோ உள்வேலை இருக்கு" என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒரே ரகளை. கடைசியில் அவள் வாயிலிருந்து தப்பித்தால் போதும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். குழாயைத் தன் வீட்டுச் சுவரோரமாக வளைத்து, அந்தப் பள்ளத்தை யார் கையும் படாமல் தானே தோண்டி, தன் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அந்த மழைக்காலம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. தையல்காரியின் மகன் படுத்து எழுந்தான். மோப்பக்காவின் பேத்தி எழுந்திருக்கவில்லை. மகனும் மருமகளும் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மோப்பக்கா போய்ப் பார்த்தபோது அந்தச் சின்னக் கையில் ஊசி குத்தி, பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள். இப்போது பிழைத்துக்கொண்டது, இதே தண்ணீரை மறுபடி குடித்தால் தாங்காது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள்.

மோப்பக்கா குழாய்த் தண்ணீரை முகர்ந்தாள். சந்தேகமே இல்லை, கக்கூஸ் வாடை. யார் வீட்டிலிருந்து கலக்கிறது என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. தையல்காரி போன வருஷம்தான் புதிதாகக் கக்கூஸ் கட்டியிருந்தாள்.

குழாயடியில் கூட்டம் போட்டார்கள். இஸ்திரிக்காரர்தான் ஒரு வழி சொன்னார்.

"தண்ணி வராத நேரத்துல குழாய் காலியாக் கெடக்கும். எங்கயாவது இணைப்பு விட்டிருந்தா பக்கத்துல இருக்கிற அழுக்கை உள்ள இழுத்துக்கும். ஒரு நாளைக்கு ஒரு வீடா, துணிக்குப் போடுற நீலத்தைக் கரைச்சுக் கக்கூஸ்ல ஊத்துவோம். மறுநாள் குழாய்ல நீலமா வந்தா அந்த வீடுதான்."

"அண்ணே, மொதல்ல இவ வீடு" என்று மோப்பக்கா தையல்காரியைக் காட்டினாள். "யார் வீட்டு நீலம் வருதோ, அன்னைக்கே அந்தக் கக்கூஸை மூடணும். அவங்க செலவுல இடிச்சுத் தள்ளிக் கட்டணும். அதுவரைக்கும் அந்த வீட்டாளுங்க மெயின் ரோட்டு வரைக்கும் நடக்கட்டும்."

சொன்னதோடு நிற்கவில்லை. வேலை நடக்கும் இடத்திலிருந்து ஒரு பலகைக் கல்லை, கூட வேலை செய்தவர்களைத் தூக்கிவிடச் சொல்லித் தலையில் சுமந்துவந்து தையல்காரி வீட்டு வாசலில் சாய்த்துவைத்தாள். மூடுவதற்குத் தயாராக இருக்கட்டுமாம். தையல்காரி தையல் மெஷினைக் கொஞ்சம் வேகமாக மிதித்தாள்.

தையல்காரி நீலம் ஊற்றிய மறுநாள் தண்ணீர் வெள்ளையாகத்தான் வந்தது.

"பச்சத் தண்ணிய ஊத்தி ஏமாத்தியிருப்பா" என்றாள் மோப்பக்கா. தானே போய் ஊற்றினாள். அதற்கும் வெள்ளைதான். பிறகு இஸ்திரிக்காரர் வீடு, எதிர்வீடு, கோடிவீடு என்று வரிசையாகப் பார்த்தார்கள். எதிலும் நீலம் வரவில்லை. தையல்காரி ஏதோ தகிடுதத்தம் செய்கிறாள் என்றுதான் மோப்பக்கா நினைத்தாள்.

கடைசியாக மோப்பக்கா வீட்டு முறை வந்தது. தன் கையாலேயே ஊற்றினாள். தையல்காரி வந்து எதையாவது கலந்துவிடுவாளோ என்று வேலைக்குக்கூடப் போகாமல் கக்கூஸ் வாசலிலேயே பாயைப் போட்டுக் காவல் இருந்தாள்.

விடிந்து தண்ணீர் திறந்துவிட்டார்கள். வாசலில் குழாய் இருப்பதால் முதல் ஆள் அவள்தான். டம்ளரைப் பிடித்தாள்.

நீலம்.

பின்னால் தையல்காரி குடத்தை விளக்கிக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை. டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டால் தெளிந்துவிடும். மோப்பக்காவின் கை டம்ளரைச் சாய்க்கவும் செய்தது. பஞ்சு கட்டிய அந்தச் சின்னக் கை ஞாபகம் வந்ததும் நிமிர்த்திவிட்டாள். நீலத்தை ஊற்றியது அவள், காவல் இருந்தது அவள். கக்கூஸ் குழியை ஒட்டிப் பள்ளம் தோண்டிக் குழாயை இழுத்துவந்ததும் அவளேதான். சந்தேகப்பட ஓர் ஆள்கூட மிச்சமில்லை. அடிப்பாவி, நானேதானா!

திரும்பி டம்ளரைத் தையல்காரியிடம் நீட்டினாள்.

தையல்காரி பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுல ரெண்டு தடவ ஊத்தினோமேக்கா. அதுகூட இப்ப மெதுவா வந்திருக்கலாம். இன்னொரு தடவ பாத்துட்டு அப்புறமா சொல்லுவோம்" என்றாள்.

இவள் எதற்கு இப்படிச் சொல்கிறாள், இதில் என்ன சூது என்று மோப்பக்கா பழக்கதோஷத்தில் அந்த முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. மோப்பக்காவால்தான் தாங்க முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

"யாரும் தண்ணி பிடிக்காதீங்க" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னாள். "என் வீட்டுக் குழிதான்."

நேராகத் தையல்காரி வீட்டு வாசலுக்குப் போனாள். முந்தானையைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்துக்கொண்டு, அந்தக் கல்லுக்கு முன்னால் குனிந்தாள். அது ஒற்றை ஆள் தலைக்கு ஏற்றுகிற கல் இல்லை.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்குற?" என்றாள். "ஒரு கை குடு. தூக்கிவிடு."

தையல்காரி குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.