ஞானசெல்வி வாசித்துக் காட்டிய வாக்குமூலம்

போன செவ்வாய்க்கிழமை காலை மூணாறு ஜீப் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது தேவராஜ் அழைத்தான். "அண்ணே, அக்கா போயிட்டா. அகளி ஆஸ்பத்திரியில வச்சு." நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்ற சந்தேகம்தான் முதலில் வந்தது.

அவன் அக்கா ஞானசெல்வியை உங்களில் பலருக்குத் தெரியும். கிராம அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையில் பதினோரு ஆண்டுகள் இருந்த எழுத்தர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். மலையாளம் வாசிக்கத் தெரியாத தொழிலாளி யார் வந்தாலும், தாளில் உள்ளதைக் கடைசி வரி வரை தமிழில் சொல்லிக் காட்டாமல் கையெழுத்துப் போட விடமாட்டார். வரிசை வாசலைத் தாண்டிப் போகும். "இது ஆபீஸா, பள்ளிக்கூடமா செல்வி?" என்று கிண்டலடிப்பேன். "வாசிச்சுக் கேக்குறது அவங்க உரிமைண்ணே. நாம ஒண்ணும் தர்மம் பண்ணல" என்பார், தலையைத் தூக்காமலே.

ஒருநாள் தோட்டத்துப் பெண்கள் சிலர் ஒரு தாளோடு வந்தார்கள். அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளைப் பழுதுபார்க்கச் சம்மதம் என்று சொல்லித் தோட்ட நிர்வாகம் கையெழுத்துக் கேட்டிருக்கிறது. செல்வி வாசித்தார். வீட்டைக் காலி செய்து தரச் சம்மதம் என்று இருந்தது. ஒருத்தியும் கையெழுத்துப் போடவில்லை. அந்தக் குடும்பங்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் தொழிலாளர்களைத் தூண்டிவிட்டார் என்று செல்வி மேல் புகார் போனது.

விசாரணைக்கு வந்த அதிகாரி என்னையும் கேட்டார். "வாசித்துத்தான் காட்டினார்" என்றேன். அதை என் வாக்குமூலமாக மலையாளத்தில் எழுதி நீட்டினார். மேலதிகாரி நீட்டினால் படிக்காமல் போடுவது எங்கள் ஆபீஸ் பழக்கம். போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அதன் நகல் செல்விக்கு வந்தது. "இங்கன உக்காருங்கண்ணே" என்று சொல்லி, வரி வரியாக எனக்கே தமிழில் வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போடக் கூடாதென்று அவர் பெண்களை மிரட்டியதை நான் கண்ணால் பார்த்தேனாம்! அவர் குரல் உயரவில்லை. "நீங்க இப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்கன்னு தெரியும்ணே. மாத்தி எழுதிக் குடுங்க, போதும்."

எழுதினேன். கொடுக்கவில்லை. என் பதவி உயர்வுக் கோப்பு அப்போதுதான் மேலே போயிருந்தது. எனக்கு உயர்வு வந்தது. அவருக்கு மாவட்டம் தாண்டி, ஆதிவாசி மலையூரான அகளிக்கு மாற்றல் வந்தது. படுக்கையில் கிடந்த அம்மாவைத் தேவராஜிடம் விட்டுவிட்டுப் போனார். அங்கேயும் ஆதிவாசிகளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டுதான் இருந்தாராம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கூப்பிட்டுப் பேசுவார். அந்தத் தாளைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கல்லறைத் தோட்டத்தில் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவருடைய கடமையுணர்ச்சியைப் புகழ்ந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். அங்கேயும் கோழைத்தனம்தான். அதனால் இங்கே எழுதுகிறேன். ஞானசெல்வி யாரையும் மிரட்டவில்லை. நான் கையெழுத்திட்டது பொய்.

நேற்று அந்தத் திருத்தத்தைப் பழைய ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். புதிய எழுத்தர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆளே போயாச்சே சார், இனி இது எதுக்கு?" என்றார். பெற்றுக்கொண்டதற்கு ரசீது மட்டும் கேட்டு வாங்கினேன். செல்வியை நினைக்க என்னிடம் இருப்பது அந்த ரசீதுதான்.