ஒப்பாரி மெட்டில் கல்யாணப் பாட்டு

டீக்கடையில் ஒருவருடைய போனில் பழைய சினிமா ஒப்பாரி ஒன்று ஒலித்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

எங்கள் தெருக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அப்பா சிரிப்பு நாடகம் போடுவார். மெட்டெல்லாம் சினிமாவிலிருந்து எடுத்தது, வார்த்தை மட்டும் அப்பாவுடையது. ஒரு வருடம் எனக்கு மாப்பிள்ளை வேஷம். ஆளைக் கண்டாலே ஒளிகிறவன் நான். மேடையேறியதும் ஆர்மோனிய அண்ணாச்சி கல்யாணப் பாட்டுக்குப் பதிலாக, சாவுக் காட்சிக்கு வைத்திருந்த இந்த ஒப்பாரி மெட்டைத் தொடங்கிவிட்டார். நான் உள்ளே ஓடத் திரும்பினேன்.

“ஏலே, நிப்பாட்டாத, பாடுலே!” என்றார் அப்பா, திரைக்குப் பின்னாலிருந்து.

பெண் பார்க்கப் போகிற பாட்டை ஒப்பாரியாக இழுத்தேன்.

“மாப்பிளைக்கு இப்பமே புரிஞ்சிட்டு!” என்று ஒரு அக்கா கத்தினாள். கூட்டமே உருண்டு சிரித்தது. மறுபடியும் பாடச் சொன்னார்கள். மாலையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பாடினேன்.

டீக்கடையில் என்னையறியாமல் அப்பாவின் வார்த்தைகளைப் பாடியிருக்கிறேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிப்பாட்டவில்லை.