அம்மா ஒளிச்சு வைக்காத துப்பாக்கி

துப்பாக்கிக்குப் போடுற எண்ணெய்க்கு ஒரு வாசம் உண்டு... மண்ணெண்ணெய் மாதிரி, ஆனா கொஞ்சம் இனிப்பா. சனிக்கிழமை காலையில எங்க வீட்ல காப்பி வாசத்தோட அதுவும் சேர்ந்து வரும்.

மலாக்கால நியாலாஸ் பக்கம் எங்களுக்கு மூணு ஏக்கர் செம்பனைத் தோட்டம். காட்டுப்பன்னி புகுந்தா இளங்கன்னு ஒண்ணு மிஞ்சாது. அப்பா தவறினதும் அவரோட துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைச்சாங்க அம்மா. அப்புறம் லைசன்ஸைத் தன் பேர்ல கேட்டு எட்டு மாசம் நடந்தாங்க.

"பொம்பளைக்கு எதுக்குமா இதெல்லாம்?"ன்னு கேட்டாங்க ஸ்டேஷன்ல.

"பன்னி என்ன, ஆம்பளை பொம்பளை பாத்தா வருது?"

கடைசியில வாங்கிட்டாங்க.

நான் ஜாசின்ல ஒரு கிளினிக்ல வேலைக்குச் சேர்ந்த புதுசு. பக்கத்து கம்போங் கிராமத்துல யாரோ ஒரு மாட்டைச் சுட்டுட்டாங்க. லைசன்ஸ் இருக்கிற வீட்டையெல்லாம் போலீஸ் சோதனை போடுது, நாளைக்கு நம்ம வீடுன்னு மாமா மோட்டார்ல வந்து சொன்னாரு.

அம்மா தோட்டா டப்பாவை இறக்கி எண்ணினாங்க. வாங்கினது இருபத்தஞ்சு. சுடாதது பதினாறு. சுட்ட காலித் தோட்டா எட்டு தான் இருந்துச்சு.

ஒண்ணு குறையுது...

போன வாரம் பன்னியைச் சுட்டப்ப கால்வாய்ல விழுந்தது. மூணு பேரும் பொழுது சாயிற வரைக்கும் சேத்துல கைய விட்டுத் தேடினோம். கிடைக்கல.

மாமா பயந்துட்டாரு. "அக்கா, துப்பாக்கிய சுங்கை ரம்பாய்ல கூட்டாளி வீட்ல வெச்சிடறேன். தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடுவோம் லா."

அம்மா நிமிந்து கூட பாக்கல. "ஒளிச்சா நான் திருடி. மேசை மேல வெச்சா அது என் பொருள். நீ வீட்டுக்குப் போ தம்பி."

காலையில குளிச்சு, நல்ல சேலை கட்டி, எல்லா அலமாரியும் தெறந்து வெச்சாங்க. அரிசி டின் கூட. மேசை மேல துப்பாக்கி, லைசன்ஸ், தோட்டா.

நாலு போலீஸோட இன்ஸ்பெக்டர் வந்தாரு. அவர் கேக்கறதுக்கு முன்னாடியே அம்மா மலாய்ல சொல்லிட்டாங்க. "ஒரு காலித் தோட்டா குறையுது, துவான். கால்வாய்ல விழுந்துச்சு. எழுதிக்குங்க." அவரும் எழுதிக்கிட்டாரு.

"சாமி ரூம்லயும் தேடுங்க. சப்பாத்தைக் கழட்டிட்டு."

கழட்டினாங்க.

வீட்ல ஒண்ணும் சிக்கல. ஆனா பரிசோதனைக்குன்னு துப்பாக்கிய எடுத்துட்டுப் போயிட்டாங்க. வேலி ஓரம் அக்கம்பக்கம் மொத்தமும் நின்னு பாத்துச்சு.

மூணு வாரம் கழிச்சு ஸ்டேஷன்ல இருந்து போன். மாட்டைச் சுட்டது உங்க துப்பாக்கி இல்ல, வந்து வாங்கிக்குங்கன்னு.

"நான் வரமாட்டேன் துவான். எடுத்துட்டுப் போனப்ப ஊரே பாத்துச்சு. திருப்பிக் குடுக்கறதையும் ஊரு பாக்கணும்."

மாமா தலையில கைய வெச்சுக்கிட்டாரு. பத்து நாள் ஸ்டேஷன்ல இருந்து யாரும் வரல. பன்னி வந்து நாப்பது கன்னைச் சாய்ச்சுது. அம்மா போகல.

பதினோராவது நாள், நல்ல மத்தியான வெயில்ல, அதே ஜீப் வந்து நின்னுச்சு. இன்ஸ்பெக்டரே எறங்கி ரெண்டு கையாலயும் குடுத்தாரு. அம்மா சரி பாத்து கையெழுத்துப் போட்டுட்டு, அவருக்குக் காப்பி கலக்கினாங்க.

இப்போ அம்மாவுக்குக் கண்ணு மங்கிடுச்சு. லைசன்ஸை அவங்களே திருப்பிக் குடுத்துட்டாங்க. தோட்டத்துக்குக் கரண்ட் வேலி.

நான் மலாக்கா டவுன்ல கொண்டோ அடுக்குமாடியில இருக்கேன். போன மாசம் மேனேஜ்மெண்ட் ஆளுங்க வீடு செக் பண்ண வராங்கன்னு மெசேஜ். பூனை வளக்கக் கூடாதுன்னு எந்த ரூல்ஸும் இல்ல... இருந்தாலும் எதுக்கு வம்புன்னு பூனையைத் தோழி வீட்ல விட்டுட்டேன்.

போன்ல அம்மாகிட்ட சொன்னேன்.

"போய் பூனையைக் கூட்டிட்டு வா."

வெச்சிட்டாங்க. நான் கார் சாவியத் தேடினேன்.