திருவேங்கடத்துக்குப் போன கருப்பு டூலிப்

தை மாதம் ஒரு புதன்கிழமை, பூச்சட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போனேன். அங்கே என் அக்கா பேச்சியம்மாள் இருக்கிறாள். அத்தான் இறந்த பிறகு, பதினோரு வருடமாக அவள் பூவைத் தொடுவதில்லை. வாசலில் பூக்கும் பிச்சியைக்கூடப் பக்கத்து வீட்டாரைப் பறித்துக்கொள்ளச் சொல்லிவிடுவாள். இந்தப் பூவையாவது வாங்குவாளா என்பதுதான் என் கவலை.

டூலிப் குளிர்நாட்டுப் பூ. அதன் கிழங்கு ஒன்று எண்பது ரூபாய் என்று ஐந்து வரவழைத்தேன். பார்ப்பதற்கு வெங்காயம்தான். பனிக்காலம் வந்துவிட்டது என்று அதை நம்பவைத்தால்தான் பூக்கும். காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் பதினான்கு வாரம் வைத்தேன். பக்கத்தில் பழம் இருந்தால் உள்ளிருக்கும் மொட்டு கெட்டுவிடுமாம். அதனால் அதுவரை வாழைப்பழம் வெளியேதான். பையின் மேல் ‘வெங்காயம் அல்ல’ என்று எழுதி ஒட்டினேன். நான் எழுதப் படிக்கக் கற்று ஒரு வருடம்தான் ஆகிறது. அதைப் படித்துவிட்டு என் மனைவி கை வைக்கவில்லை. எனக்கு அன்று முழுவதும் சந்தோஷம்.

மார்கழியில் நட்டேன். இரவில் மொட்டைமாடி, பகலில் தண்ணீர்க் குடத்தின் ஓரம். மூன்று அழுகின. ஒன்று இலையோடு நின்றுவிட்டது. ஒன்று மட்டும் குட்டைக் காம்பில் மொட்டு விட்டது. கருப்பு என்பது பேருக்குத்தான், வெயிலில் பிடித்தால் நாவல்பழ நிறம்.

காலை 6.40 பேருந்து. பலகையை நானே படித்து ஏறினேன். சுமார் இருபது கிலோமீட்டர். வெயில் ஏறினால் இதழ் விரிந்து சீக்கிரம் உதிர்ந்துவிடும். சட்டியில் ஈரத்துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

“அண்ணாச்சி, கத்தரிக்காய்க்கும் சீட்டு போடட்டுமா?” என்றார் நடத்துநர்.

“இது பூ, வே.”

“கருப்பாவா? எந்தச் சாமிக்கு?”

“எங்க அக்காவுக்கு.”

7.35க்கு இறங்கிக் கால்மணி நேரம் நடந்தேன். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். சட்டியைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“எனக்கு என்னத்துக்குலே பூவு? எடுத்துட்டுப் போ.”

“இது தலையில வைக்கிற பூ இல்லக்கா. மணம் கிடையாது, சரத்துல கட்டவும் முடியாது.”

“அப்ப கட்டுக்கழுத்திகளும் வைக்க முடியாதா?”

“யாரும் முடியாது. சும்மா பாக்கலாம், அவ்வளவுதான்.”

அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். ஒரு விரலால் இதழைத் தொட்டாள். “கோட்டிக்காரப்பய, இதுக்கா பஸ் ஏறி வந்தே?” என்றாள். பிறகு எனக்குக் காப்பி போட உள்ளே போனவள் பாதியில் திரும்பி வந்து, சட்டியை வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்தி வைத்தாள்.

வளர்க்க நினைப்பவர்களுக்கு: மண் ஈரமாக இருக்கட்டும், தண்ணீர் தேங்க வேண்டாம். நம் ஊரில் ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். யாருக்காவது கொண்டுபோவதானால் முதல் பேருந்தில் போங்கள். நல்ல சட்டியில் மட்டும் நடாதீர்கள். என்னுடையது திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை.