இல்லாத பாலத்துக்கு ஒரு ஜெபம்

எங்கள் குடும்பம் ஒருமுறை, எங்கேயும் இல்லாத ஒரு பாலத்துக்காக முழங்காலில் நின்று ஜெபம் செய்தது. அந்தப் பாலத்தைக் கட்டியவர் என் பெரியப்பா.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. அம்மாவின் அண்ணன், என் மாமா, சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். ஆஸ்திரேலியாவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றபோது ஏணியிலிருந்து தவறி அடித்தளத்தில் விழுந்துவிட்டார். தலையிலும் இடது காலிலும் அடி, நினைவில்லை, அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தூத்துக்குடி ஏஜெண்டு வந்து சொன்னார். அங்குள்ள டாக்டரே தினமும் போனில் பேசுவார் என்று ஏற்பாடு. மாமாவின் மனைவி, என் அத்தைக்கு, ஆங்கிலம் தெரியாது. அதனால் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் பின்னாலேயே பாதிச் சொந்தமும் வந்து இறங்கியது.

அம்மா ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆங்கில டீச்சர். முதல் போன் மத்தியானம் வந்தபோது அவள் பள்ளியில் இருந்தாள். ஆகவே பெரியப்பா போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். என் பள்ளிக்கு அன்று லீவு, நானும் பக்கத்தில்தான் இருந்தேன். துறைமுக ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய ஆங்கிலம் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி மொடமொடவென்று இருக்கும். டாக்டரின் ஆங்கிலமோ லுங்கி கட்டிக்கொண்டு தெருவில் நடப்பது. இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. பெரியப்பா "யெஸ், யெஸ்" என்று சமாளித்துக்கொண்டே வந்தார்.

கடைசியாக அத்தை, "காலு எப்படி இருக்குன்னு கேளுங்க அண்ணாச்சி" என்றாள். அந்தப் பாலம் வரும்போது அதைக் கடந்துகொள்வோம் என்றார் டாக்டர். இப்போதைக்கு அந்தப் பேச்சு வேண்டாம் என்பதற்கு அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். பெரியப்பா போனை வைத்துவிட்டுக் கனைத்துக்கொண்டார்.

"காலுக்குத் தனியா வேற பெரிய ஆஸ்பத்திரியாம். வழியில ஒரு பாலம் இருக்கு. அதக் கடந்து கொண்டுபோகணும்ங்கான்."

அவ்வளவுதான். பாலம் வளரத் தொடங்கிவிட்டது. பாம்பன் பாலம் மாதிரி இருக்குமோ என்றார் ஒருவர். கப்பல் வந்தால் தூக்கிவிடுவானே, அந்த நேரம் பார்த்து ஆம்புலன்ஸ் போனால் என்ன செய்ய என்றார் இன்னொருவர். சாயங்காலம் உபதேசியார் வந்தார். "ஆண்டவரே, அந்தப் பாலத்தைத் தாங்கிக்கொள்ளும்" என்று அவர் குரலெடுத்து ஜெபிக்க, எல்லாரும் ஆமென் சொன்னோம். பள்ளியிலிருந்து வந்திருந்த அம்மாவும் அத்தையோடு முன்னால் முழங்காலில் நின்றாள். அவளும் ஆமென் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த வருஷம்தான் பள்ளியில் ஆங்கில மரபுத்தொடர் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருந்தேன். ஆனால் பெரியப்பாவைத் திருத்துகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அம்மாவாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். அவள், "அத்தான், நாளைக்கு எனக்கு லீவுதான். நான் பேசிக்கிடுதேன், நீங்க பக்கத்துல இருங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டாள். அவளுக்கும் அந்தத் தொடர் தெரியாது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் போன் வந்தபோது அந்தச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. மாமா பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறார் என்றார் டாக்டர். தாக்குப்பிடிக்கிறார் என்று அர்த்தம். எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அம்மாவோ, "அப்படியென்றால் நேற்றைவிடத் தேவலையா, மோசமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தேவலை என்றார். மாமா சுற்றி வந்துகொண்டிருக்கிறார் என்றார் அடுத்து. நினைவு திரும்புகிறதாம். அதையும் விடவில்லை. கண் திறந்தாரா, எத்தனை முறை, பேர் கேட்டால் சொல்கிறாரா என்று தோண்டித் தோண்டிக் கேட்டாள். எனக்குக் கூசியது. ஒரு ஆங்கில டீச்சர் இப்படியா?

அவள் கேட்டு முடித்த பிறகுதான் அத்தை பக்கம் திரும்புவாள். "ரெண்டு தடவ கண்ணத் தொறந்தாங்களாம் மதினி. பேரு கேட்டதுக்குச் சரியாச் சொல்லியிருக்காங்க." அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

டாக்டருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. சீக்கிரமே அவரை அவருடைய கால்களில் நிற்கவைத்துவிடுவோம் என்றார். பழையபடி தேறிவிடுவார் என்று பொருள். இது பெரியப்பாவுக்கே புரிந்தது. "நான் அப்பவே சொன்னம்லா" என்று சிரித்தார். வீடே கலகலத்தது.

அம்மா மட்டும் போனுக்கு இன்னும் கிட்டே குனிந்து, "டாக்டர், இரண்டு கால்களிலுமா?" என்று கேட்டாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு மரபுத்தொடரைப் பிடித்துக்கொண்டு இப்படியா கேட்பார்கள்? அந்த டாக்டர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரே என்று இருந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. பாலமும் தொங்கலும் எதுவும் இல்லாமல், குழந்தைக்குச் சொல்வதுபோலச் சின்னச் சின்ன வார்த்தைகளில் சொன்னார். அம்மா எதிர்க்கேள்வி இரண்டு கேட்டாள். பிறகு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, எடது கால எடுக்கணுமாம். முட்டிக்குக் கீழ. நாளைக்குக் காலையில. நீங்க சரின்னு சொல்லணும்."

"உயிரு?"

"கால எடுத்துட்டா உயிருக்குப் பயமில்லைங்காரு."

"அவரு சொன்னதா, நீ சொல்லுதியா?"

"அவரு சொன்னதுதான். ரெண்டு தடவ கேட்டுட்டேன்."

அத்தை சுவரில் இருந்த மாமாவின் போட்டோவைப் பார்க்கவில்லை, அழவும் இல்லை. "எடுக்கச் சொல்லு. ஆளு வீட்டுக்கு வந்தாப் போதும்" என்றாள். அதை ஆங்கிலத்தில் சொல்லும்போதுதான் அம்மாவின் குரல் உடைந்தது. போனில் இவ்வளவு நேரம் கிடந்தது அவள் கூடப் பிறந்தவரின் கால் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாமா வீட்டுக்கு வந்தார். இப்போது மாப்பிள்ளையூரணியில் பெயிண்டுக் கடை வைத்திருக்கிறார். செயற்கைக் காலோடு ஸ்கூட்டர் ஓட்டி அத்தையைப் பதறவைக்கிறார். நானோ அம்மா குருட்டாம்போக்கில் கேட்ட கேள்வி எப்படியோ இலக்கில் போய் விழுந்தது என்றே பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இன்று எனக்குப் பிழைப்பே ஆங்கில டிவி சீரியல்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவது. மரபுத்தொடர் ஒன்று வந்தால் அதற்கு ஜோடியாக ஒரு தமிழ் வழக்கைத் தேடிப் பொருத்துவேன். பொருந்திவிட்டால் ஒரே பெருமை. போன கிறிஸ்துமஸுக்கு அத்தையிடம் இந்தப் பெருமையைப் பேசப்போய், பாலத்துக் கதையும் வந்தது.

"ஒங்கம்மா பள்ளிக்கூடத்துலேருந்து வந்ததும் என்னைய அடுக்களைக்குக் கூட்டிட்டுப் போயிட்டா" என்றாள் அத்தை. "பாலம்லாம் ஒண்ணும் இல்ல மதினி, டாக்டரு காலப் பத்திச் சொல்ல மாட்டேங்காரு, அதான் பயமா இருக்குன்னா. அண்ணாச்சி மனசு சங்கடப்படும்னு ரெண்டு பேரும் வெளிய வந்து ஜெபத்துல நின்னோம்."

அந்தப் போட்டிக்கு என்னைத் தயார் செய்ததே அம்மாதான். தினமும் காலையில் தலை பின்னிவிட்டுக்கொண்டே ஒவ்வொரு தொடராகச் சொல்லித்தருவாள். பாலத்தைக் கடப்பதும் அதில் இருந்தது, கால்களில் நிற்பதும் இருந்தது. அன்று சாயங்காலம் முன்னால் முழங்காலில் நின்று அந்தப் பாலத்துக்கு ஆமென் சொன்ன இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த நான்தான், அந்த வீட்டில் அர்த்தம் தெரிந்தவள் நான் ஒருத்தி மட்டுமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.