கன்னத்தில் அடக்கிய ஈயம்

என் அறையில் ஜன்னல் ஓரமாக ஒரு சின்ன மாத்திரை டப்பா இருக்கிறது. இப்போது அது காலி. போன மாதம் வரை அதில் ஓர் ஈயக்குண்டு கிடந்தது. மீன்வலை தண்ணீரில் அமிழ்வதற்காக அடிக்கயிற்றில் வைக்கிற குண்டு. சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரியது, நடுவில் பிளந்தது. பிளவின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒரு பள்ளம் இருக்கும். அவை என் பல் பதிந்த இடங்கள். ஊர் ஊராகப் போனவன் நான், போகிற இடத்திலெல்லாம் சாமான்களை விட்டுவிட்டே போவேன். அந்தக் குண்டை மட்டும் எறிய மனம் வரவில்லை.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். திருப்பூரில் சாயப்பட்டறை, பாலக்காட்டுப் பக்கம் செங்கல் சூளை, ஓசூரில் ஓட்டல் என்று சுற்றிவிட்டு, ஐஸ் லாரியில் கிளீனராகக் காரைக்காலுக்கு வந்தேன். டிரைவரோடு சண்டை வந்து துறைமுகத்திலேயே இறங்கிக்கொண்டேன். மறுநாளே வலைக்கொட்டகை ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே கயிற்றின் மறுமுனையில், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்தான் மாமா. உறவு ஒன்றும் இல்லை. கொட்டகையில் எல்லோருக்கும் அவர் மாமா, அவருக்கு எல்லோரும் மாப்ளே.

வலைக்கயிற்றில் குண்டு பொருத்துகிற அந்த வேலைக்கு மூன்று கை வேண்டும். ஒரு கை கயிற்றை இழுத்துப் பிடிக்க, ஒரு கை குண்டைப் பொருத்த, இன்னொன்று அதை நெரித்து மூட. குறடு ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து வைத்து எடுத்து வைத்து வேலை செய்தால் பொழுதுக்கும் கால் வலை நகராது. அதனால் பத்துப் பன்னிரண்டு குண்டுகளை வாயில் போட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொள்வோம். நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி, கயிற்றில் வைத்து, ஓரப் பல்லால் ஒரு கடி. கொட்டகையில் அத்தனை பேரும் அப்படித்தான் செய்தார்கள், நானும் செய்தேன். மாமாவுக்கு இடது கன்னத்தில் வெற்றிலை, வலது கன்னத்தில் குண்டு. இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்து நான் பார்த்ததில்லை. தடைக்காலம் வந்து படகுகள் இரண்டு மாதம் கரையில் நிற்கும்போதுதான் எங்களுக்கு வேலை அதிகம். படகு இறங்குவதற்குள் எல்லா வலையும் தயாராக வேண்டும். சோறு வந்தால் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அங்கேயே சாப்பிடுவோம்.

இரண்டாவது தடைக்காலத்தில் எனக்கு வயிற்று வலி ஆரம்பித்தது. தொப்புளைச் சுற்றி யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி வரும். நாலைந்து நாளைக்கு வெளிக்குப் போகாது. பசி போய்விட்டது. எதைத் தின்றாலும் முதலில் இரும்பை நக்கினது போலவும் பிறகு லேசாக இனிப்பாகவும் இருக்கும். முதலில் பார்த்த டாக்டர் என் வேலையைக் கேட்கவில்லை. "குடிப்பியா?" என்றார். இல்லை என்றேன். காரைக்காலில் இருந்துகொண்டா என்பது போல ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு எழுதிக்கொடுத்தார். அடுத்தவரும் அதையேதான் கேட்டார். நான்காவது டாக்டரிடம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, எப்போதாவது குடித்து மறந்துபோயிருப்பேனோ என்று. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி மாத்திரையை மாற்றினார்கள்.

மாமாவுக்கும் அதே வலி உண்டு. அவர் டாக்டரிடம் போனதே இல்லை. "எனக்குக் குடிக்கிறதால வலிக்குது, ஒனக்குக் குடிக்காததால வலிக்குது. ரெண்டுல எது லாபம்னு யோசி மாப்ளே" என்பார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கம் வந்து, "ஏழரை புடிச்சிருக்கும். பக்கத்துலயே இருக்காரு, ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துரு" என்று திருநள்ளாற்றுக்கு அனுப்பினார். எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகி, கட்டியிருந்த துணியை விட்டுவிட்டு வந்தேன். நல்ல சட்டை ஒன்று போனதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு நெடுங்காட்டுக்கு அறுவடை மூட்டை தூக்கப் போனேன். அங்கே தங்கியிருந்த இரண்டு மாதத்தில் வலி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கொட்டகைக்குத் திரும்பினேன், வலியும் திரும்பியது. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் கண்டுபிடித்ததெல்லாம் சாப்பாட்டுக் குற்றம்தான். மெஸ்ஸை மாற்றினேன், கேன் தண்ணீர் வாங்கினேன், புரோட்டாவை விட்டேன், மீனை விட்டேன். வயிற்றுக்குள் போனதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். வாயோடு நின்றதை நினைக்கவே இல்லை.

ஊரை விட்டே போய்விடலாம் என்று மூன்று தடவை பையைத் தூக்கினேன். மூன்றாம் தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டேன். சென்னை பஸ் புறப்பட நின்றது. படியில் கால் வைக்கும்போது வயிறு முறுக்கியது. அப்படியே குந்தி உட்கார்ந்தேன். கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "சரக்கு எறங்குனப்பறம் வாய்யா" என்று சொல்லி விசில் கொடுத்தார். பஸ் போனது. பிடிக்காத இடத்தை விட்டுக் கிளம்புவது ஒன்றுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த தொழில். அதுவும் இனி முடியாது என்று அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. புது ஊரில் வலியோடு போய் நிற்கிறவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

கடைசியில் ஒரு சர்ஜன், வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும், திங்கட்கிழமை வந்து படு என்றார். கையெழுத்துப் போட உறவுக்காரர் வேண்டும். "நான் போடறேன். என்ன ஒறவுன்னு கேட்டா மாமன்னு எழுதிக்கிறட்டும், பொய்யா அது?" என்றார் மாமா. சனிக்கிழமை குண்டைக் கடிக்கும்போது ஓரப் பல் ஒரு சில்லு உடைந்தது. வெட்டப் போகிற வயிற்றோடு பல்வலியும் எதற்கு என்று, மார்க்கெட் பக்கம் மாடியில் இருந்த பல் டாக்டரம்மாவிடம் போனேன். முக்காடு போட்ட சின்ன வயதுப் பெண். என் வாயில் விளக்கைக் காட்டி ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார்.

"பல்லுல இப்படி வாய்க்கா வெட்டுன மாதிரி இருக்கே, என்னத்தக் கடிப்பீங்க?"

சட்டைப் பையில் கிடந்த குண்டை எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் போட்டு எடை பார்ப்பது போல அசைத்தார். சின்னக் கண்ணாடியைக் கையில் கொடுத்து என் ஈறுகளைக் காட்டினார். பல் முளைக்கிற ஓரம் முழுக்க, பேனாவால் கோடு போட்டது போல நீலக் கறுப்பாக ஒரு வரி. பிறகு அவர் கேட்டார்: "நாக்குல இனிப்பு தட்டுமா? வயித்த முறுக்குமா? நாலஞ்சு நாளைக்கு வெளிய போகாதா?"

நான் வயிற்றைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பயமாகிவிட்டது. எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. குடிப்பீங்களா என்று அவர் கேட்கவே இல்லை என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. சீட்டு எழுதி, குண்டை ஒரு காலி மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுத்தார். "ரத்தத்துல ஈயம் இருக்கான்னு பாத்துட்டு அப்பறம் வெட்டட்டும். இதையும் காட்டுங்க. நீங்க வாயால சொன்னா நம்ப மாட்டாங்க."

சீட்டைப் படித்த சர்ஜன் திங்கட்கிழமையைத் தள்ளிவைத்தார். ரத்தம் சென்னைக்குப் போய், தாள் வந்தது. அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தவர், "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். இரண்டு வருஷத்தில் ஒரு டாக்டர் அதைக் கேட்டது அதுதான் முதல் முறை. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் படுக்கவைத்து ஈயத்தை இறக்கினார்கள். எல்லாம் இறங்காது, எலும்பில் தங்கினது வருஷக்கணக்கில் இருக்கும், அவ்வப்போது வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஆக, வயிறு விட்டது, ஊர் விடவில்லை. கோட்டுச்சேரியில் ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்தேன். பல் டாக்டரம்மா கணவரோடு துபாய் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மாமாவிடம்தான் முதலில் போனேன். அவருடைய உதட்டை விலக்கிப் பார்த்தேன். அதே கோடு. "அது வெத்தலைக் கறை மாப்ளே" என்றார். புதுக் குறடு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது அதனால் பாட்டில் மூடி திறந்துகொண்டிருந்தார். அவர் குடிக்கிறவர், அதனால் வலிக்கிறது என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. குடிதான் காரணம் என்று டாக்டர்கள் சொன்னதைப் பொய்யென்று என்னால் எறிந்துவிட முடிந்தது. மாமாவின் காரணம் பாதி உண்மை, அதனால் அதை அவரிடமிருந்து பிடுங்க முடியவில்லை. கொட்டகையில் மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தன் மட்டும் குண்டுகளைத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தான்.

போன மாதம் மாமாவின் வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கிவிட்டது. கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. அப்போதுதான் என்னோடு பஸ் ஏறினார். புதுச்சேரியில் இருந்தவர் புதிதாக வந்த இளம் டாக்டர். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"குடிப்பீங்களா?"

"அத ஏன் கேக்கறீங்க. கொழாயில தண்ணி வராத நாளு உண்டு, அது கெடைக்காத நாளு கெடையாது."

டாக்டர் தலையாட்டி எழுதினார். எனக்குப் பழகின அதே சிரிப்பு. சீட்டை மடித்து, அடுத்த ஆளைக் கூப்பிடக் கை தூக்கினார். நான் டப்பாவைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தேன். குண்டு உருளவில்லை, விழுந்த இடத்திலேயே நின்றது.

"என்ன இது?" என்றார் அவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "கடிச்சுப் பாருங்க டாக்டர். கொஞ்ச நேரங்கழிச்சு இனிக்கும்."

டாக்டர் குண்டை எடுத்து அந்த இரண்டு பள்ளத்தையும் விரலால் தடவினார். மாமாவின் தொங்கிய கையைப் பார்த்தார். மடித்த சீட்டை மறுபடி பிரித்து வைத்துக்கொண்டு, "வாயத் தொறங்க" என்றார். அந்தக் குண்டை அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.